பழைய ஜாஸ் சிறு குழுக்கள் வாசித்தது மனோதர்மமா, மனப்பாடமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும். 1920களிலும் 30களிலும் அமெரிக்காவில் ஐந்து பேர், ஆறு பேர் சேர்ந்து பதிவு செய்த டிக்ஸிலேண்ட், ஸ்விங் இசைத்தட்டுகளைக் கேட்க ஆரம்பித்திருக்கிறீர்கள். மூன்று பேர் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு வழியில் போகிறார்கள், ஆனாலும் இடித்துக்கொள்வதில்லை. தனி வாசிப்பு வந்தால் அதில் பிசிறே இல்லை. எல்லாம் அந்த நிமிடக் கற்பனை என்று புத்தகங்கள் சொல்கின்றன, உங்களுக்கு அது நம்பும்படி இல்லை. கல்பனாஸ்வரம் கேட்டுப் பழகிய காதுக்கு எது உதித்தது, எது வீட்டில் உட்கார்ந்து தயாரித்தது என்று ஓரளவு தெரியும் என்கிறீர்கள், இங்கே அது தெரியவில்லை. அதோடு, நீங்கள் எழுதாவிட்டாலும் எனக்குக் கேட்ட இன்னொரு கேள்வி: தயாரித்து வைத்ததுதான் என்றால் இதைப் பெரிதாகக் கொண்டாட என்ன இருக்கிறது?

நான் கிளாரினெட் வாசிப்பவன். இந்தத் தட்டுகளை மெதுவாக ஓட்டி, ஒவ்வொரு சுரமாக எழுதி, மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துப் பல வருடம் ஆகிறது. என் பதில் இதுதான்: உங்கள் சந்தேகம் பாதிக்கு மேல் சரி. 20களின் பதிவுகளில் நீங்கள் ரசிக்கும் பல தனி வாசிப்புகள் முன்பே செதுக்கி வைத்தவை. அதை அவர்கள் மறைக்கவும் இல்லை, குறைவாக நினைக்கவும் இல்லை. ஒவ்வொரு முறையும் புதிதாக வாசித்தாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு பிறகுதான் ஊன்றியது. 30களின் நடுவில் அது நடப்பதைத் தட்டுகளிலேயே கேட்கலாம். இதற்குச் சாட்சி என்னுடைய காது மட்டும் இல்லை. கம்பெனிகள் வெளியிடாமல் ஒதுக்கிய டேக்குகள், அதாவது ஒரே பாட்டை அடுத்தடுத்து வாசித்துப் பதிவு செய்த வடிவங்கள், இருக்கின்றன, பதிப்புரிமைக்குப் போன காகிதங்கள் இருக்கின்றன.

முதலில் அந்த இடித்துக்கொள்ளாத விஷயம். நியூ ஆர்லியன்ஸ் பாணியில் முன்வரிசை மூன்று வாத்தியம். கார்னெட், டிரம்பெட்டின் குட்டைத் தம்பி, பாட்டின் மெட்டைப் பிடித்துக்கொள்ளும், அதிகம் அலையாது. கிளாரினெட் அதற்கு மேலே, பெரும்பாலும் இரட்டை வேகத்தில், கார்டின், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டத்தின், சுரங்களை உடைத்து உடைத்துக் கோலம் போடும். டிராம்போன் கீழே, ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்குச் சறுக்கிக்கொண்டு போய், மற்ற இருவரும் மூச்சு விடும் இடத்தில் ஒரு சத்தம் கொடுக்கும். உயரம் வேறு, வேகம் வேறு, வாசிக்கும் நேரமும் கொஞ்சம் வேறு. கிட் ஓரி டிராம்போனில் கிளாரினெட் மாதிரி ஓடினால் அன்றைக்கே எல்லாம் இடிந்துவிடும், அவர் ஓடமாட்டார். ஆக, என்ன வாசிப்பது என்பது எழுதப்படாவிட்டாலும் யார் எங்கே நிற்பது என்பது ஊரிலேயே முடிவாகிவிட்ட ஒன்று. கார்னெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ஹாட் ஃபைவ் குழு 1925 நவம்பர் 12இல் சிகாகோவில் ஓகே (OKeh) என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்குச் செய்த முதல் பதிவுகளில் 'கட்பக்கெட் ப்ளூஸ்' ஒன்று. அதில் ஆம்ஸ்ட்ராங் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து வாசிக்கச் சொல்வார். கிளாரினெட்டில் ஜானி டாட்ஸ், டிராம்போனில் ஓரி, பியானோவில் லில் ஹார்டின், பேஞ்ஜோவில் ஜானி சென்ட் சீர். காதுக்கு ஆள் அடையாளம் பழக இதைவிட நல்ல தட்டு எனக்குத் தெரியாது. அதைக் கேட்டபின், வேறு எதிலாவது ஜானி டாட்ஸை மட்டும் பிடித்துக்கொண்டு கடைசி வரை போய்ப் பாருங்கள். முதலில் கூச்சலாகக் கேட்டது தானாகப் பிரிய ஆரம்பிக்கும்.

சரி, மனப்பாடத்துக்கு வருவோம். 1923 ஏப்ரலில் கார்னெட் கலைஞர் கிங் ஆலிவரின் கிரியோல் ஜாஸ் பேண்ட் இண்டியானா மாநிலத்தில் ரிச்மண்ட் என்ற ஊருக்குப் போய், ஜென்னட் கம்பெனிக்காக இரண்டு நாள் பதிவு செய்தது. ஆம்ஸ்ட்ராங் அப்போது இரண்டாவது கார்னெட், வயது 21. மைக் கிடையாது. ஒரு பெரிய உலோகப் புனலைப் பார்த்து எல்லோரும் வாசிக்க வேண்டும், சத்தம் கூடிய வாத்தியம் தள்ளி நிற்க வேண்டும். பெரிய டிரம் அடித்தால் ஊசி துள்ளிவிடும் என்பதால் டிரம்காரர் பேபி டாட்ஸ் மரக்கட்டைகளைத்தான் தட்டியிருக்கிறார். அந்த இரண்டு நாளில் வந்ததுதான் 'டிப்பர்மவுத் ப்ளூஸ்'. அதில் ஆலிவர் கார்னெட்டின் வாயை அடைக்கும் மியூட்டை வைத்து 'வா வா' என்று அழுவதுபோல மூன்று கோரஸ், அதாவது 12 பார் (பார் என்றால் தாளத்தின் ஓர் ஆவர்த்தம் போன்ற அளவு) கொண்ட ப்ளூஸ் சுற்று மூன்று, வாசிக்கிறார். சில வாரம் கழித்து ஜூனில் அதே குழு அதே பாட்டை ஓகே கம்பெனிக்கும் பதிவு செய்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். ஆலிவரின் மூன்று சுற்றும் அடிப்படையில் ஒன்றே. 1925இல் ஃப்ளெட்சர் ஹெண்டர்சனின் பேண்டில் சேர்ந்திருந்த ஆம்ஸ்ட்ராங், 'சுகர் ஃபுட் ஸ்டாம்ப்' என்று பெயர் மாறிய அதே பாட்டில் தன் குருவின் சுற்றுகளை வாசிக்கிறார். 1939இல் மக்ஸி ஸ்பானியர் என்ற வெள்ளைக்காரக் கார்னெட் கலைஞர் தன் ராக்டைம் பேண்டோடு மறுபடி பதிவு செய்கிறார், அங்கேயும் ஆலிவரின் வாசிப்புதான். 16 வருடத்தில் மூன்று பேர் கை மாறிய ஒரு தனி வாசிப்பு. நல்ல பதம் வைத்த பாடாந்தரத்தை நாம் எப்படிப் பார்ப்போமோ அப்படித்தான் அவர்கள் அதைப் பார்த்திருக்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. அந்த ஜென்னட் தட்டில் வாத்தியமெல்லாம் நிற்கும் இடத்தில் குழுவைச் சேர்ந்த பில் ஜான்சன் 'ஓ, ப்ளே தட் திங்!' என்று கத்துவது கேட்கும். பேபி டாட்ஸ் தன் பிரேக்கை, அதாவது குழு நிற்கும்போது தனியாக வாசிக்க வேண்டிய சிறு துண்டை, மறந்துவிட்டார், அந்த வெற்றிடத்தை மூடத்தான் ஜான்சன் கத்தினார் என்று ஒரு கதை உண்டு. கதை உண்மையோ இல்லையோ, 1925இல் ஹெண்டர்சன் பேண்ட் பதிவு செய்தபோதும் அந்தக் கத்தல் பாட்டோடு இருக்கிறது. தவறிப்போய் வந்திருக்கக்கூடிய ஒரு சத்தம்கூட இரண்டே வருடத்தில் பாடமாகிவிட்டது.

கிளாரினெட்காரனாக இன்னொன்றையும் சேர்க்கிறேன். 'ஹை சொசைட்டி' என்று ஒரு மார்ச் இசை. அதில் பிக்கோலோ என்ற சின்னப் புல்லாங்குழலுக்காக எழுதப்பட்டிருந்த ஒரு வரியை அல்ஃபோன்ஸ் பிக்கூ என்ற நியூ ஆர்லியன்ஸ் கலைஞர் கிளாரினெட்டுக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். ஆலிவரின் 1923 பதிவில் ஜானி டாட்ஸ் அதை வாசிக்கிறார். அந்த ஊரில் கிளாரினெட் எடுத்த ஒவ்வொருவரும் அதைச் சுரம் மாறாமல் வாசித்துக் காட்டியாக வேண்டும், அது ஒரு பரீட்சை மாதிரி. எனக்கு இன்றைக்கும் அந்த வேகத்தில் வாசித்தால் விரல் பின்னிக்கொள்ளும். 1945இல் சாக்ஸஃபோன் கலைஞர் சார்லி பார்க்கர் 'கோ-கோ' பதிவில் அசுர வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது நடுவில் அந்த வரியின் தொடக்கத்தைச் செருகிவிட்டுப் போவார். பார்க்கர் காலத்துப் புதுப் பாணியான பீபாப் பழையது எல்லாவற்றையும் தூக்கி எறிந்தது என்பவர்களுக்கு அந்த இரண்டு வினாடியைப் போட்டுக் காட்டுவேன்.

ஆம்ஸ்ட்ராங்கின் சொந்தத் தட்டுகளில் ஆதாரம் காகிதமாகவே இருக்கிறது. 'கார்னெட் சாப் சூயி' பதிவானது 1926 பிப்ரவரி 26. ஆனால் அந்தப் பாட்டின் பதிப்புரிமைக்காக அவர் கைப்பட எழுதிய இசைத்தாள் 1924 ஜனவரியிலேயே வாஷிங்டன் போய்விட்டது. இரண்டு வருடத்துக்கு முந்தைய அந்தத் தாளில், தட்டில் நாம் வாய்பிளந்து கேட்கும் ஸ்டாப்-டைம் வாசிப்பும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. ஸ்டாப்-டைம் என்றால் குழு முழுவதும் ஒரு அடியை மட்டும் கொடுத்துவிட்டு நின்றுவிட, அந்த வெற்றிடத்தில் ஒருவர் மட்டும் வாசித்துப் போவது. அதே நாளில் பதிவான 'ஹீபி ஜீபீஸ்' பற்றி எல்லோரும் சொல்லும் கதை, பாட்டுத் தாள் கையிலிருந்து விழுந்துவிட்டது, ஆம்ஸ்ட்ராங் சமாளிக்க அர்த்தமில்லாத அசைகளைப் பாடினார், ஸ்கேட் பாட்டு பிறந்தது என்பது. ஸ்கேட் அன்றைக்குப் பிறக்கவில்லை, அதற்கு முன்பே தட்டுகளில் உண்டு. தாள் விழுந்ததா என்பதை ஆராய்ந்தவர்களில் பலர் நம்புவதில்லை. நானும் நம்பவில்லை, ஏனென்றால் அந்தப் பகுதியில் தடுமாறிச் சமாளிப்பவரின் அவசரம் கொஞ்சமும் இல்லை. நிஜமான தடுமாற்றம் அதே தட்டின் கடைசியில், எல்லோரும் முடிக்கப் போகும் இடத்தில் இருக்கிறது, அதை அப்படியே வெளியிட்டிருக்கிறார்கள்.

அப்போ 1927 மே மாதத்து 'பொட்டேட்டோ ஹெட் ப்ளூஸ்'? அதில் குழு இரண்டு பாருக்கு ஒரு அடி மட்டும் கொடுக்க, ஆம்ஸ்ட்ராங் 32 பார் முழுக்கத் தனியாக நடக்கிறார். 1928 ஜூன் 28இல் பதிவான 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்', அதன் தொடக்கத்தில் துணையில்லாமல் ஒலிக்கும் அந்தப் பன்னிரண்டு பதின்மூன்று வினாடி? தயாரித்ததா, உதித்ததா? இங்கே யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். ஹாட் ஃபைவ், ஹாட் செவன் பதிவுகளுக்கு மாற்று டேக் கிடைப்பது ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம், ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. என் ஊகம் மட்டும் சொல்கிறேன்: 'வெஸ்ட் எண்ட்' தொடக்கம் கையில் பழகியது. சுரங்கள் போகும் திசையில் தயக்கமே இல்லை, நான்கைந்து பேருக்கு முன்னால் முதல் தடவையாக ஒருவர் அப்படி இறங்கிவரமாட்டார். கடைசிச் சுற்றில் நான்கு பார் அளவுக்கு ஒரே உச்ச சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதும், பிறகு அதிலிருந்து சரிந்து விழுவதும் திட்டமிட்ட நாடகம் என்றே நினைக்கிறேன். ஆனால் இடையில், கிளாரினெட் ஒரு வரி சொல்ல ஆம்ஸ்ட்ராங் வார்த்தையில்லாமல் பாடிப் பதில் சொல்லும் இடம் இருக்கிறதே, அது அந்த நேரத்தில் வந்ததாகத்தான் எனக்குக் கேட்கிறது. உதட்டால் வாசிக்கும் பித்தளை வாத்தியத்தின் கஷ்டம் எனக்கு வெளியிலிருந்து தெரிந்ததுதான், ஒரு டிரம்பெட்காரர் இதில் என்னைத் திருத்தலாம்.

ஏன் தயாரித்துக்கொண்டு வந்தார்கள் என்பதற்குப் பதிவு செய்த விதத்திலேயே பாதிக் காரணம் இருக்கிறது. 10 அங்குலத் தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிடம், இழுத்தால் இன்னும் ஒரு இருபது வினாடி. மெழுகுத் தட்டில் நேராக வெட்டுகிறார்கள், நடுவில் நிறுத்தி ஒட்டும் வேலை கிடையாது. ஒருவர் தவறினால் அந்த மெழுகு போச்சு. டான்ஸ் ஹாலில் ஒரே பாட்டைக் கால் மணி நேரம் இழுப்பவர்களுக்கு இங்கே சில வினாடிகள்தான் ஒதுக்கீடு. அந்த நெருக்கடியில் யாராக இருந்தாலும் ஏற்கெனவே கைகொடுத்த ஒன்றைத்தான் எடுப்பார்கள். ஆகவே இந்தத் தட்டுகளை வைத்து அவர்கள் இரவு மேடையிலும் இப்படித்தான் வாசித்தார்கள் என்று முடிவுகட்டக் கூடாது. மேடையில் ஆலிவரும் ஆம்ஸ்ட்ராங்கும் செய்த ஒரு வித்தை இதற்கு நல்ல உதாரணம். சிகாகோ லிங்கன் கார்டன்ஸில், பாட்டு நடுவே குழு நின்றுவிட, இரண்டு கார்னெட்டும் ஒத்த சுருதியில், ஒரே தாளத்தில், இரண்டு பார் பிரேக் அடிக்கும். கையில் தாள் இல்லை. பார்க்க வந்த இசைக்கலைஞர்கள் குழம்பிப் போனார்கள். பிறகு ஆம்ஸ்ட்ராங்கே விளக்கினார்: குழு வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஆலிவர் அடுத்து வரப்போகும் பிரேக்கை அவருக்கு மட்டும் குறிப்பாகக் காட்டிவிடுவார், இவர் அதற்கு இரண்டாம் குரலைக் கட்டிக்கொள்வார். தயாரிப்புதான், ஆனால் சில வினாடிக்கு முந்தைய தயாரிப்பு. 'ஸ்னேக் ராக்' பதிவில் இப்படிப்பட்ட இரட்டை பிரேக்குகள் வரிசையாக வரும்.

பியானோ கலைஞரும் இசையமைப்பாளருமான ஜெல்லி ரோல் மார்ட்டன் விஷயம் வேறு. 1926 செப்டம்பர் 15இல் அவருடைய ரெட் ஹாட் பெப்பர்ஸ் குழு விக்டர் கம்பெனிக்குப் பதிவு செய்த 'பிளாக் பாட்டம் ஸ்டாம்ப்' கேளுங்கள். இதற்குள் மைக் வந்துவிட்டது, பேஸ் கேட்கும், டிரம் கேட்கும். மூன்று நிமிடச் சொச்சத்தில் ஒரு பகுதி மூன்று தடவை, சுருதி மாறி இன்னொரு பகுதி ஏழு தடவை. அந்த ஏழும் ஏழு விதம்: எல்லோரும் சேர்ந்து, கிளாரினெட் தனியாக, பியானோ மட்டும், ஸ்டாப்-டைமில் கார்னெட், பேஞ்ஜோ, பிறகு மறுபடி எல்லோரும், கடைசியில் தரை அதிர ஒன்று. இது கட்டடம், வரைபடம் இல்லாமல் எழும்பாது. அவரிடம் கிளாரினெட் வாசித்த ஒமர் சிமியோன் பின்னாளில் சொன்னதும் இதுதான். ஒத்திகை உண்டு, சேர்ந்து வாசிக்கும் இடங்களில் மார்ட்டன் தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்குவார், தனி வாசிப்பை மட்டும் அவரவரிடம் விட்டுவிடுவார். 'கிராண்ட்பாஸ் ஸ்பெல்ஸ்' போன்றவற்றின் மாற்று டேக்குகளைக் கேட்டால் அது உண்மை என்று தெரியும்: சுவர்கள் அசையாது, உள்ளே நடமாட்டம் கொஞ்சம் மாறும். எனக்கு ஆம்ஸ்ட்ராங்கைவிட மார்ட்டன் பிடிக்கும், இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.

எதிர்ப்பக்கச் சாட்சியும் 20களிலேயே உண்டு. 1928 டிசம்பர் 5இல் ஆம்ஸ்ட்ராங்கும் பியானோ கலைஞர் ஏர்ல் ஹைன்ஸும் இரண்டே பேராக வாசித்த 'வெதர் பேர்ட்'. பாட்டு ஆம்ஸ்ட்ராங்குடையது, 1923இல் ஆலிவர் குழுவோடு பதிவானதுதான், அமைப்பு இருவருக்கும் தெரியும். ஆனால் தாளத்தைப் பிடித்துத் தர ஆளில்லை. ஹைன்ஸ் வேண்டுமென்றே தாளத்தைக் கலைத்து ஒளிந்துகொள்கிறார், ஆம்ஸ்ட்ராங் தேடிப் பிடிக்கிறார். கடைசிப் பகுதியில் இருவரும் மாறி மாறிச் சின்னத் துண்டுகளை வீசிக்கொண்டு, யார் முடிப்பது என்று தெரியாமல் இழுத்துப் போவார்கள். இதை ஒத்திகை பார்த்து வாசிக்க முடியாது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

கார்னெட் கலைஞர் பிக்ஸ் பைடர்பெக் பற்றி ஒரு வரி. 1927 பிப்ரவரி 4இல் ஃப்ராங்கி டிரம்பாவர் குழுவோடு அவர் பதிவு செய்த 'சிங்கிங் தி ப்ளூஸ்' தனி வாசிப்பை அந்தக் காலத்து இளம் கலைஞர்கள் மனப்பாடம் செய்தார்கள். 1931இல் ஹெண்டர்சன் பேண்டில் ரெக்ஸ் ஸ்டூவர்ட் அதை அப்படியே வாசித்துப் பதிவும் செய்தார். பிக்ஸுக்கு அது அன்றைக்கு உதித்ததாக இருக்கலாம், நான்கு வருடத்தில் மற்றவர்களுக்குப் பாடம்.

30களில் பெரிய பேண்டுகள் வந்தன, பதினைந்து பேர், தாளில் எழுதிய ஏற்பாடு. சிறு குழு அப்போது பெரிய பேண்டிலிருந்து மூச்சு விட வெளியே வரும் இடமாகிவிட்டது. கிளாரினெட்டில் பென்னி குட்மன், பியானோவில் டெடி வில்சன், டிரம்ஸில் ஜீன் க்ரூபா மூவரும் 1935 ஜூலை 13இல் விக்டருக்குப் பதிவு செய்ததே தொடக்கம், மறு வருடம் வைப்ரஃபோனில் லயனல் ஹாம்ப்டன் சேர நால்வர். பேஸ் கிடையாது, வில்சனின் இடது கைதான் பேஸ். வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து பதிவு செய்வது யார் கண்ணிலும் படாமல் முன்பே நடந்ததுதான். 1936இல் சிகாகோ காங்கிரஸ் ஹோட்டலில் குட்மன் வில்சனைப் பொதுமக்கள் முன்னால் மேடையேற்றினார், அது அன்றைக்குத் துணிச்சல். இசையைப் பொறுத்தவரை இங்கே முன்வரிசை மூன்று பேர் பின்னல் போடும் வேலை குறைந்துவிட்டது. தொடக்கத்தில் மெட்டு, பிறகு ஆளுக்கொரு சுற்று, கடைசியில் எல்லோரும். யார் வாசித்தாலும் மேடை அவருக்கு மட்டும். மேடை முழுதும் ஒருவருக்கு என்று ஆனதும்தான் புதிதாகச் சொல்ல என்ன வைத்திருக்கிறாய் என்ற கேள்வி எழுகிறது.

அந்தக் கேள்விக்குப் பதில் 1936 சிகாகோவில், ஜோன்ஸ்-ஸ்மித் இன்கார்ப்பரேட்டட் என்ற ஆபீஸ் மாதிரிப் பெயரில் வந்த தட்டுகளில் இருக்கிறது. உண்மையில் அது பியானோ கலைஞரும் பேண்ட் தலைவருமான கவுன்ட் பேஸியின் ஆட்கள். பேஸி டெக்கா கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டதால் பெயரை வெளியே சொல்ல முடியவில்லை. டெனர் சாக்ஸஃபோனில் லெஸ்டர் யங், அவருக்கு இதுதான் முதல் பதிவு. 'ஷூ ஷைன் பாய்' இரண்டு டேக் கிடைக்கிறது. இரண்டிலும் அவருக்கு 64 பார். எழுதிப் பக்கத்தில் பக்கம் வைத்துப் பாருங்கள்: அவருக்குப் பிடித்த சில துண்டுகள் இரண்டிலும் தலைகாட்டும், ஆனால் வாக்கியங்கள் வேறு, அவை தொடங்கும் இடம் வேறு, மூச்சு விடும் இடம் வேறு. ஆலிவரின் இரண்டு 'டிப்பர்மவுத்'துக்கும் இதற்கும் உள்ள தூரம்தான் நான் சொல்ல வந்தது. காரணம் என்ன என்றால், என் கணிப்பு, பேஸியின் ஆட்கள் பழகிய கன்சாஸ் சிட்டியின், இரவு முழுக்க நடக்கும் ஜாம் செஷன், அதாவது கலைஞர்கள் கூடித் திட்டமில்லாமல் வாசிப்பது. முப்பது சுற்று வாசிக்க வேண்டிய இடத்தில் தயாரித்து வைத்த மூன்று சுற்று எந்த மூலைக்கு?

பாடகி பில்லி ஹாலிடேவுக்கு டெடி வில்சன் 1935இலிருந்து அமைத்துக்கொடுத்த சிறு குழுப் பதிவுகளையும் இதே வழியில் கேட்கலாம். பாட்டு புதிதாக அச்சாகி வந்தது, ஒத்திகைக்கு நேரம் கொஞ்சம், ஜூக்பாக்ஸில் ஓடினால் போதும் என்ற வியாபாரம். 1937 ஜூனில், வில்சன் இல்லாமல், ஹாலிடே தன் பெயரிலேயே பதிவு செய்த 'மீ, மைசெல்ஃப் அண்ட் ஐ' இரண்டு டேக் உண்டு. கடைசிச் சுற்றில் அவர் பாட, லெஸ்டர் பின்னாலேயே வாசித்துக்கொண்டு போகிறார். இரண்டிலும் இருவரும் மாறுகிறார்கள், ஒருவர் மாறியதற்கு ஏற்ப மற்றவரும். எனக்கு ஒரே ஒரு ஜோடியை வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

சார்லி கிறிஸ்டியன் மின்சாரக் கிடாரோடு 1939இல் குட்மனிடம் வந்த கதையில் நிறைய மசாலா உண்டு. இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஜான் ஹாமண்ட் அவரைக் குட்மனுக்குத் தெரியாமல் மேடையேற்றினார், அவருக்குத் தெரிந்திருக்காது என்று நினைத்துக் குட்மன் 'ரோஸ் ரூம்' என்ற பாட்டை எடுத்தார், கிறிஸ்டியன் சுற்றுக்குச் சுற்று புதிது புதிதாகக் கொடுக்க முக்கால் மணி நேரம் நீண்டது என்பது ஹாமண்ட் சொன்னது. ஹாமண்ட் நல்ல காதுள்ள மனிதர், கதையில் தன் பங்கைக் குறைத்துச் சொல்பவர் இல்லை, ஆகவே நிமிடக் கணக்கை அப்படியே எடுக்க வேண்டாம். சந்தேகமே இல்லாதது 1941 மார்ச் 13. கொலம்பியா ஸ்டூடியோவில் குட்மனுக்காகக் காத்திருந்தபோது கிறிஸ்டியனும் மற்றவர்களும் சும்மா வாசிக்க, பொறியாளர்கள் பதிவுக் கருவியை ஓடவிட்டார்கள். அது பின்னாளில் 'ப்ளூஸ் இன் பி', 'வெயிட்டிங் ஃபார் பென்னி' என்று வெளிவந்தது. சுற்று எண்ணிக்கை நிர்ணயம் இல்லை, முடிவு இல்லை. இரண்டாவதில் டிரம்பெட்டும் சாக்ஸஃபோனும் ஒரு சின்ன ரிஃப்பை, திரும்பத் திரும்ப வரும் சுரத்துண்டை, தடவிக்கொண்டிருப்பது கேட்கும், அன்றைக்கே பிறகு 'எ ஸ்மூத் ஒன்' என்ற பெயரில் முறையாகப் பதிவான மெட்டு அது. கற்பனை எந்த இடத்தில் பாட்டாக இறுகுகிறது என்பதை இவ்வளவு கிட்டத்தில் காட்டும் பதிவு எனக்குத் தெரிந்து வேறில்லை. கிறிஸ்டியன் மறு வருடமே காசநோயில் போய்விட்டார், 25 வயது.

டெனர் சாக்ஸஃபோன் கலைஞர் கோல்மன் ஹாக்கின்ஸின் 'பாடி அண்ட் சோல்', 1939 அக்டோபர் 11, தயாரிப்பு, கற்பனை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஒரே டேக். 64 பார், மெட்டை முதல் சில பாரில் தொட்டுவிட்டு அப்புறம் அந்தப் பக்கமே போவதில்லை. ஆனால் அந்தப் பாட்டை அவர் இரவு விடுதியில் வாசித்து வந்தவர், எந்தக் கதவு எங்கே திறக்கும் என்று தெரிந்துதான் ஸ்டூடியோவுக்குள் வந்தார். அன்றைக்கு எந்தக் கதவு என்பது மட்டும் அன்றைய முடிவாக இருந்திருக்கும். பிறகு மேடையில் ரசிகர்கள் தட்டில் உள்ளதுபோலவே வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார்கள், அது வேறு தலைவலி.

டேக் ஒப்பீட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. இரண்டு டேக்கும் வேறாக இருந்தால் மனப்பாடம் இல்லை என்று சொல்லலாம், அன்றைக்கே பிறந்தது என்று சொல்ல முடியாது. கெட்டிக்காரர் இரண்டு தயாரித்து வந்திருக்கலாம். இரண்டும் ஒன்றாக இருந்தாலும் மேடையிலும் அதேதான் என்று ஆகாது. 20கள், 30களின் சாதாரண மேடை இரவு ஒன்று முழுசாகப் பதிவாகி நம் கைக்கு வந்தது மிகவும் அரிது.

நீங்கள் கடைசியாகக் கேட்டது, எந்தத் தொகுப்பை வாங்குவது. பெயரைவிட முக்கியம், அட்டையிலோ பட்டியலிலோ பதிவு நாள், இடம், வாசித்தவர்கள், டேக் எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே பாட்டு இரண்டு தடவை வந்தால் தாண்டிப் போகாதீர்கள், நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் அங்கேதான் கிடைக்கும். இரைச்சலை முழுக்கத் துடைத்த பதிப்புகளைத் தவிர்த்துவிடுங்கள், இரைச்சலோடு சிம்பலும் கிளாரினெட்டின் மேல் நாதமும் போய்விடும். அப்புறம் வேகம். 78 சுற்று என்று பெயர்தானே தவிர அந்தக் காலத்து எந்திரங்கள் துல்லியமாக 78இல் சுற்றவில்லை, 1923 ஜென்னட் தட்டுகள் பதிப்புக்குப் பதிப்பு சுருதி மாறிக் கேட்கும். நியூ ஆர்லியன்ஸ் ஊது வாத்தியக்காரர்கள் பி ஃப்ளாட், ஈ ஃப்ளாட், எஃப் இந்த மாதிரி சுருதிகளில்தான் வசதியாக வாசிப்பார்கள். நீங்கள் கேட்கும் பதிப்பில் ஆலிவர் பி சுருதியில் வாசிப்பதாகக் கேட்டால் ஆலிவர் மேல் தப்பில்லை, தட்டை வேகமாகச் சுற்றிவிட்டார்கள். அதே பி சுருதியை நிஜமாகவே எடுத்துக்கொண்டு, ஊதுகிறவர்களைத் திண்டாட வைத்தது அந்த 1941 'ப்ளூஸ் இன் பி' மட்டும்தான், அதற்காக இயந்திரத்தை மெதுவாக்கிவிடாதீர்கள்.